ஆறாம் எண் வீட்டுக் கேரவன்

“என் கேரவன் எங்கே போச்சு? அதை முதல்ல சொல்லுங்க!”

“கத்தாதீங்க ஹர்மன். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இருக்கப்போற தெரு இது. அப்போ உங்க கேரவன் எதுக்கு?”

“அப்போ உங்க வாசல் ரோஜாச்செடி மட்டும் எதுக்காம்?”

“ரோஜாவுக்குச் சக்கரம் இல்ல!”

ஒடிலியா வீட்டு முன்னறையில் நடந்த சண்டை இது. எங்கள் தெருவின் ஒன்பது வீட்டுக்காரர்களும் அங்கே இருந்தோம். ஆளுக்கு ஒரு காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். கொடுத்து முடித்ததும் ஒடிலியா பிஸ்கட் டப்பாவை மூடி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள். அவளுக்கு அடுத்த ஆண்டு அறுபது வயது. அந்த டப்பா ஒரே நாளில் இரண்டு முறை திறந்ததை நான் பார்த்ததே இல்லை.

நான் பெப். ஐந்தாம் எண் வீடு. ஜன்னலுக்கு வெளியே சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து மாட்டி வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரு முழுவதும் தெரியும். அது வேவு பார்க்க இல்லை. தபால்காரர் வருகிறாரா என்று பார்க்கத்தான். தபால்காரர் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறார் என்றால் அது என் தவறா?

சண்டைக்கு வருகிறேன்.

டெல்ஃப்ட் நகரத்தில் எங்கள் கயிற்றுத் தெரு ரொம்பச் சின்னது. ஒரு பக்கம் ஒன்பது வீடுகள். எதிரே பழைய கயிறு ஆலையின் நீளமான மொட்டைச் சுவர். நடுவில் ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. கார்கள் வந்த பிறகு அதை மண் போட்டு மூடிவிட்டார்கள். மண்ணால் மூடினால் தண்ணீர் வழியை மறந்துவிடுமா? பெரிய மழை பெய்தால் நேராக எங்கள் நிலவறைகளுக்குள் வந்துவிடும். போன மழைக்கு ஒடிலியாவின் ஜாம் பாட்டில்கள் வாத்துக்குஞ்சுகள் மாதிரி வரிசையாக மிதந்தன.

அதனால் நகராட்சியிலிருந்து யோரிஸ் என்று ஒருவர் வந்தார். “கால்வாயைத் திரும்பத் தோண்டுறோம். ஆனா இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு உங்க தெரு எப்படி இருக்கணும்னு நீங்களே ஒரு படம் வரைஞ்சு கொடுங்க. ஒன்பது வீட்டுக் கையெழுத்தும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் வேற தெருவுக்குப் போயிடுவோம். அடுத்த முறை உங்க முறை வர பத்து வருஷம் ஆகும்” என்றார். அந்தப் படத்தை நீல டைல்களில் தீட்டி, மொட்டைச் சுவரில் பதிப்பார்களாம்.

பெரியவர்கள் முதலில் வரைந்தார்கள். எங்கு பார்த்தாலும் அம்புக்குறி, கட்டம், புள்ளி. பார்த்தால் மின்விசிறியைப் பிரித்துப் போட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஏழாம் எண் வீட்டு தெஸ்ஸல், ஒரு நீளமான காகிதச் சுருளைக் கொண்டுவந்து விரித்தாள். அவளுக்குப் பத்து வயது. முழங்காலில் எப்போதும் ஒரு காயம் இருக்கும்.

எங்கள் வீடுகளில் எல்லாம் நடைச்சுவரின் அடியில் பழைய நீல டைல்கள் ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொரு டைலிலும் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு ஆள். ஒருவன் பட்டம் விடுவான். ஒருத்தி வளையம் உருட்டுவாள். ஒருவன் பாலத்தில் நின்று கால்வாய்க்குள் ஒன்றுக்குப் போவான். என் வீட்டில் அந்த டைலுக்கு முன்னால் குடைக்கூடையை வைத்திருக்கிறேன்.

தெஸ்ஸல் அதே மாதிரி வரைந்திருந்தாள். ஆனால் ஆட்கள் எல்லாம் நாங்கள்! தெரு நடுவே கால்வாய். அதில் ரொட்டிக்காரரின் படகு. விளக்குக் கம்பத்தில் அவரைக்கொடி, அதன் உச்சியில் ஒரு நாரை. வீட்டுக்கு வீடு கூரையில் குட்டிக் காற்றாலை. கூரையெல்லாம் புல்.

“கூரை மேல ஆடு எதுக்குடி?” என்று ஒடிலியா கேட்டாள்.

“புல்லை யார் வெட்டுவாங்க, அத்தை?”

எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் அவரவரைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒடிலியா படகில் நின்று எல்லோருக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலில் இருந்தேன். எட்டுப் பேர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டோம்.

ஒன்பதாவது ஆள்தான் ஹர்மன்.

ஆறாம் எண் வீடு. வயது எழுபத்தேழு. அவர் வாசலில் ஒரு வெள்ளைக் கேரவன் நிற்கிறது. விடுமுறைக்குக் காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. அது நகர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அதன் ஒரு பக்கத்தில் பாசி கூடப் பிடித்துவிட்டது. படத்தில் அது நின்ற இடத்தில் தண்ணீர்தான் ஓடியது.

“கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் ஹர்மன்.

“ஒரு பழைய தகர டப்பாவுக்காக என் நிலவறை இன்னும் பத்து வருஷம் நனையணுமா?” என்று ஒடிலியா கத்தினாள்.

“தகர டப்பாவா? அலமாரி மேல வெச்சிருக்கியே, அதுதான் தகர டப்பா!”

அப்புறம் நடந்ததை எழுதினால் இது சிறுவர் கதையாக இருக்காது. கடைசியில் அவர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் படம் நகராட்சிக்குப் போயாக வேண்டும். அன்று செவ்வாய்.

“பிடிவாதக்காரக் கிழவர்” என்றாள் ஒடிலியா. நானும் தலையாட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

தெஸ்ஸல் மட்டும் தலையாட்டவில்லை. அவள் ஹர்மனின் விரலைக் கவனித்திருந்தாள். கத்துவதற்கு முன்னால் அந்த விரல் காகிதத்தின் மேல் ஆள் ஆளாக ஊர்ந்துபோனதாம். மெல்ல, எண்ணுகிற மாதிரி. கடைசியில் ஆறாம் எண் வீட்டுக் கதவில் வந்து நின்றதாம். அந்தக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் கேரவன் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் தெஸ்ஸல் நேராகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் பிறந்தநாள் நாட்காட்டி ஒன்று தொங்கும். அதில் கிழமை இல்லை, வருடம் இல்லை. தேதியும் பெயரும் மட்டும். தினமும் உட்கார்கிற இடத்தில் தொங்கினால் யாருடைய பிறந்தநாளும் மறக்காது, பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் அந்த வீட்டுக்கு வேண்டியவர்.

படம் வரையும்போது யாரும் விட்டுப்போகக் கூடாது என்று தெஸ்ஸல் அந்த நாட்காட்டியைத்தான் எடுத்து வைத்துக்கொண்டாள். தெருக்காரர்கள் இருபத்துமூன்று பேர் அதில் இருந்தார்கள். இருபத்துமூன்று பேரையும் வரைந்தாள். எண்ணிச் சரிபார்க்கவும் செய்தாள்.

இப்போது மறுபடியும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை புரட்டினாள். ஹர்மன் எங்குமே இல்லை. மே ஒன்பதில் மட்டும் ‘திரூஸ்’ என்று இருந்தது. அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு.

திரூஸ் ஹர்மனின் மனைவி. ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனாள்.

“அம்மா!” என்று கழிப்பறைக்குள்ளிருந்தே கத்தினாள் தெஸ்ஸல். “ஹர்மன் தாத்தாவோட பிறந்தநாள் எப்போ?”

அவள் அம்மா மிரியம் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “தெரியலையே. பெப் அத்தைய கேளு. அவங்களுக்குத் தெரியாதது உண்டா?”

கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ரொட்டிக்காரரின் மச்சான் எந்தப் பல்லைப் பிடுங்கினான் என்பது கூடத் தெரியும். முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவரின் பிறந்தநாள் தெரியவில்லை.

மறுநாள் மாலை நான்கு மணி. நல்ல மழை. நான்கு மணிக்கு ஹர்மன் காபிக் குடுவையோடு கேரவனுக்குள் போய் உட்காருவார். ஆறு வருடமாக அப்படித்தான். தெஸ்ஸல் குடையோடு வந்து அதன் கதவைத் தட்டுவது என் கண்ணாடியில் தெரிந்தது. ஆனால் கண்ணாடியில் சத்தம் கேட்காதே. அதனால் பூவாளியை எடுத்துக்கொண்டு வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஆமாம், மழையில்தான்.

“கேரவன எடுக்கச் சொல்லி அனுப்பிச்சாங்களா?” என்று ஹர்மன் உறுமினார்.

“இல்ல, தாத்தா. உங்க பிறந்தநாள் எப்போன்னு கேக்க வந்தேன்.”

கேரவன் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

“எதுக்கு?”

“எங்க வீட்டு நாட்காட்டில நீங்க இல்ல. அதைப் பார்த்துத்தான் ஆளுங்கள வரைஞ்சேன். அதனால படத்துலயும் நீங்க இல்ல. வேணும்னு விடல, தாத்தா. தப்பாயிடுச்சு.”

“கழிப்பறை நாட்காட்டியப் பார்த்தா ஊரையே வரைஞ்ச?”

“ஆமா.”

“சரி, கால நல்லாத் துடைச்சிட்டு உள்ள வா. பெப், நீயும் வேணும்னா வா. அந்தச் செடி மூழ்கிடும்.”

போனேன். இல்லாவிட்டால் மரியாதையாக இருக்குமா?

உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. இரண்டு பேர் உட்காரும் மேசை. கொக்கியில் இரண்டு கோப்பைகள். ஹர்மன் ஒரு குட்டிக் கதவைத் திறந்து காட்டினார். தீப்பெட்டி மாதிரி ஒரு கழிப்பறை. அதிலும் ஒரு நாட்காட்டி!

“திரூஸோடது” என்றார். “பிறந்தநாள் விசேஷத்துக்கெல்லாம் அவதான் வருவா. நான் நாற்காலியத் தூக்கிட்டு வந்து வட்டமாப் போட்டுட்டுப் போயிடுவேன். எனக்கு அங்க உட்கார்ந்து என்ன பேசறதுன்னு தெரியாது.”

தெஸ்ஸல் பக்கங்களைப் புரட்டினாள். திரூஸ் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஏதாவது கிறுக்கி வைத்திருந்தாள். ஜூலை இருபதில், ‘தெஸ்ஸல். ஏழாம் எண் வீட்டுக் குட்டி. ஆள் சின்னது, சத்தம் பெரியது.’ அக்டோபர் மூன்றில், ‘பெப். பரிசை ஒளித்து வைத்துப் பயனில்லை, அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.’

மார்ச் பன்னிரண்டில் இப்படி இருந்தது: ‘என் ஹர்மன். கேக் பிடிக்காது என்பார். நம்ப வேண்டாம்.’

“மார்ச் பன்னெண்டா? அடுத்த வாரம்!” என்றாள் தெஸ்ஸல்.

“வருஷா வருஷம் அன்னிக்கு கேரவன எடுத்துக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிடுவோம். அதான் தெருவுல யாருக்கும் தெரியாது.”

நான் இத்தனை வருடமும் அவர்கள் பூ பார்க்கப் போனார்கள் என்று நினைத்திருந்தேன். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

“இப்போ உங்கள வரையறேன், தாத்தா” என்றாள் தெஸ்ஸல்.

“இருபத்தஞ்சு வருஷம் கழிச்சா? எனக்கு நூத்திரெண்டு ஆயிருக்கும்டி!”

“வயசானா குள்ளமாயிடுவாங்கல்ல? சின்னதா வரையறேன். மையும் மிச்சம்.”

ஹர்மன் இருமினார். அது சிரிப்பு. பிறகு மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

“கேரவன் நிக்கற இடத்துல தண்ணி வந்துடும். எனக்கும் தெரியும். ஒடிலியா சொல்றது நியாயம்தான். அவகிட்ட சொல்லிடாதே. ஆனா இதை எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுட்டா, நாலு மணிக்கு நான் எங்க போவேன்?”

தெஸ்ஸல் திரும்பினாள். ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்தாள். வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஒரு காலி ஜாம் பாட்டில் மிதந்துபோனது.

அவள் கண் அந்தப் பாட்டிலோடேயே போனது.

“தாத்தா, நான் வீட்டுக்குப் போறேன்!” என்று குடையைக்கூட மறந்துவிட்டு ஓடினாள்.

முதல் வேலையாக அழிப்பானை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாளாம். மே ஒன்பதில் இருந்த பென்சில் கோட்டை அழித்தாள். “ஏண்டி?” என்று மிரியம் கேட்டாள். “இல்லாம போனா பிறந்தநாளும் இல்லாம போயிடுமா?” என்றாள் இவள். மிரியம் பேனாவை எடுத்து மார்ச் பன்னிரண்டில் ‘ஹர்மன்’ என்று எழுதினாளாம்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஒடிலியா வீடு. காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட், டப்பா மேல் தட்டுக்குப் போனது. ஹர்மனை நான்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். யோரிஸும் படத்தை வாங்கிப்போக வந்திருந்தார். தெஸ்ஸல் சுருளை விரித்தாள்.

அதே தெரு. அதே கால்வாய். ஆனால் ஆறாம் எண் வாசலில், தண்ணீரின் மேல், ஒரு மரத் தெப்பம். தெப்பத்தின் மேல் வெள்ளைக் கேரவன்! சக்கரம் இல்லை. கூரையில் தக்காளிச் செடிகள். ஒரு கயிறு அதை ஹர்மன் வீட்டு வாசல் வளையத்தில் கட்டி வைத்திருந்தது. அதன் முன்னால் கரையில் வட்டமாக நாற்காலிகள். அதில் தெருவே உட்கார்ந்திருந்தது. நடுவில் குட்டியாக, குள்ளமாக ஒருவர், கையில் ஒரு பெரிய கேக் துண்டோடு.

கேரவன் ஜன்னலில் நகத்தளவுக்கு ஒரு பெண் முகம். தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஹர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டினார். குனிந்து பார்த்தார். அவர் விரல் மெல்ல ஊர்ந்தது. கேரவன் ஜன்னலில் போய் நின்றது. அங்கேயே ரொம்ப நேரம் இருந்தது.

“தப்பு” என்றார்.

தெஸ்ஸலின் முகம் வாடிவிட்டது. “எது, தாத்தா?”

“முடிச்சு. கயிற்றுத் தெருவுல பொறந்துட்டு இப்படியா கட்டுவாங்க? ராத்திரி காத்தடிச்சா அவிழ்ந்துடும். நான் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்துடுவேன். பென்சிலக் கொடு.”

முடிச்சைத் திருத்தினார். அதே பென்சிலால் கீழே கையெழுத்தும் போட்டார்.

“பேனால போடணும், ஐயா” என்றார் யோரிஸ்.

“அதையும் கொடு.”

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். ஒடிலியா நாற்காலி மேல் ஏறி நின்று பிஸ்கட் டப்பாவைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன பார்க்கறீங்க? ஆளுக்கு இன்னொண்ணு எடுத்துக்கோங்க” என்றாள். “ஹர்மன், நீங்க ரெண்டு எடுத்துக்கோங்க.”

மார்ச் பன்னிரண்டாம் தேதி கேரவன் வாசலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். தூக்கி வந்தது ஹர்மன்தான். ஆனால் இந்த முறை போட்டுவிட்டு ஓட முடியவில்லை. “கேக் எனக்குப் பிடிக்காது” என்றார். தெஸ்ஸல் மூன்று துண்டு வெட்டி வைத்தாள். மூன்றும் காலி.

கோடையில் டைல் தீட்டினோம். படத்தின் கோடுகள் மேல் ஊசியால் துளை போட்டு, காகிதத்தை டைல் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணிமுடிச்சால் தட்டினால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கிவிடும். அதன் மேல் மையால் இழுக்க வேண்டும். மை பார்க்கக் கறுப்பாக, சேறு மாதிரி இருக்கும். “எல்லாம் பாழ்!” என்று ஹர்மன் தலையில் கைவைத்தார். சூளையிலிருந்து வெளியே வந்தபோது பார்த்தால், அவ்வளவும் பளீரென்று நீலம்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். என்னைத் தீட்டும்போது தெஸ்ஸலின் தூரிகை கொஞ்சம் வழுக்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே என் மூக்கு நீண்டு நிற்கிறது. மாற்றச் சொன்னேன். சுட்ட டைலை மாற்ற முடியாதாம். தூரிகை வழுக்கியதாகத்தான் அவள் சொல்கிறாள்.

கால்வாய் தோண்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதற்குள் யோரிஸ் எங்கள் தெருவைப் பதினொரு முறை அளந்தார். தெருவின் நீளமே தொண்ணூறு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். அளக்க வரும்போதெல்லாம் அவர் ஒடிலியா வீட்டில் காபி குடித்ததை நான் என் கண்ணாடியில் பார்த்தேன். அவர்கள் கல்யாணம் நடந்தபோது தெருவில் ஆச்சரியப்படாதது நான் ஒருத்திதான். இப்போது அந்த பிஸ்கட் டப்பா கீழ்த் தட்டில் இருக்கிறது.

ஹர்மனின் கேரவன் தெப்பத்தின் மேல் நிற்கிறது. முடிச்சு இதுவரை அவிழவில்லை. ஒடிலியாவின் நிலவறை காய்ந்து கிடக்கிறது. ஆடுதான் இன்னும் வரவில்லை.

தெஸ்ஸலின் வீட்டார் போன வருடம் ஸ்வோல்லே ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். மிரியமுக்கு அங்கே வேலை. லாரி கிளம்பியபோது ஹர்மன் கேரவனை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலில் கை மட்டும் ஆடியது. ஆனால் மார்ச் பன்னிரண்டு வந்தால் தெஸ்ஸல் ரயில் ஏறி வந்துவிடுவாள்.

போன மாதம் நான் ஸ்வோல்லேவுக்குப் போய் அவர்கள் புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பெட்டிகள் பாதி இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் கழிப்பறையில் நாட்காட்டி மாட்டியாகிவிட்டது. கயிற்றுத் தெருக்காரர்கள் ஒருவர் விடாமல் இருக்கிறோம். மே ஒன்பதில் திரூஸ் இருக்கிறாள்.

என் அக்டோபர் மூன்றில் மட்டும் பெயர் எழுதவில்லை. நீல மையில் ஒரு மூக்கு வரைந்திருக்கிறது. அவ்வளவுதான்.